பார்த்துட்டுச் சொல்றோம்

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். இன்னைக்குக் காலையில நான் கிரைண்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன். "வணக்கம் மேடம், தொந்தரவு பண்றேன்னு நினைச்சுக்காதீங்க, அந்த வேலை விசயமா..." அப்படீன்னு கையைக் கட்டிக்கிட்டு, குழவியைப் பார்த்து, ரொம்பப் பணிவா. போன்ல பேசறதுக்கு முன்னாடி ஒரு தடவை பழகிப் பார்க்கலாம்னுதான். பக்கத்து வீட்டு ராமாத்தா அக்கா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏ துளசி, மாவு என்ன சொல்லுது?"ன்னுச்சு. "பார்த்துட்டுச் சொல்றேங்குதுக்கா"ன்னேன். சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சு போச்சு.

எழுதற காரணத்தையும் சொல்லணும். என்ற மக மௌனிகா ஈரோட்டுல நர்சிங் படிக்கறா. போன வாரம் அவளுக்கு ஓயாம போன் பண்ணிட்டேன். வகுப்புல டீச்சர் பேசிட்டிருக்கும்போது போன் அடிச்சு, எல்லார் முன்னாடியும் மானம் போச்சாம். "அம்மா, மனசுல தோணறதையெல்லாம் உடனே என்கிட்டச் சொல்லாதே. ஒரு டைரியில எழுதி வை. சாயங்காலம் ஒரு தடவை கூப்பிடு போதும்"னா. அஞ்சாவது வரைக்கும் படிச்சவளுக்கு டைரி! சீட்டுக் கம்பெனிக்காரன் எப்பவோ குடுத்தது பரண்ல கிடந்துச்சு. அதுல இருக்கற தேதியை அடிச்சுட்டு என்ற தேதியைப் போட்டு எழுதறேன்.

விசயம் இதுதான். வெளியூர்ல இருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வர்ற பொண்ணுங்க தங்கறதுக்கு, நம்ம பகுதியில ஒரு டிரஸ்ட்டு நடத்தற விடுதி புதுசா வருது. அங்கே பிள்ளைங்களைப் பார்த்துக்க வீட்டு மனுசி மாதிரி ஒருத்தர் வேணுமாம். காலையில எழுப்பணும். சாப்பிட்டாங்களான்னு பார்க்கணும். காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். கேட்டு முன்னாடி எவனாவது வண்டியை நிறுத்திட்டு சீப்பெடுத்துத் தலை வாரினா விரட்டணும். இது என்னை நினைச்சே உண்டாக்கின வேலைன்னு ராமாத்தா அக்கா சொல்லுச்சு.

விண்ணப்பத்தை மௌனி எழுதிக் குடுத்தா. நான் கொண்டுபோய்க் குடுத்தேன். விடுதியைப் பார்த்துக்கற அமுதவல்லி மேடம் அதை வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டு, "பார்த்துட்டுச் சொல்றோம்"னாங்க. பொண்ணு பார்க்க வர்றவங்க பஜ்ஜியைத் தின்னுட்டு "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்"பாங்களே, அதே குரல். என்னைப் பார்க்க வந்த கூட்டமெல்லாம் அப்படித்தான் சொல்லிட்டுப் போச்சு. சென்னியப்பன் ஒருத்தர்தான் ஒண்ணும் சொல்லாம இன்னொரு தட்டு பஜ்ஜி கேட்டார். அவரையே கட்டிக்கிட்டேன்.

இப்ப பார்க்கற வேலைக்கு என்ன குறைன்னு கேட்டா, ஒண்ணுமில்லை. கம்பெனியில செக்கிங் மேசை. பனியனை விரிச்சுப் போட்டு ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்து எடுக்கணும். இப்ப டியூப் லைட்டையெல்லாம் மாத்திட்டாங்க. எல்லாம் மங்கல் லைட்டு. அதான். வேற ஒண்ணுமில்லை.


ஆகஸ்ட் 20, புதன்

நான் பார்த்து விட்ட கட்டுல ரெண்டு மூணு ஓட்டை பனியன் போயிருச்சாம். சூப்பர்வைசர் தினேஷ் தூக்கிக் காட்டினான். நல்ல பையன், அக்கா அக்காம்பான். "என்னக்கா இது, விரலே போகுதே?"ன்னான். "வெயிலுக்குக் காத்தோட்டமா இருக்கட்டும்னு விட்டேன்டா தம்பி"ன்னேன். மேசையே சிரிச்சுது. அவன் சிரிக்கலை. இந்தக் காலத்துப் பசங்களுக்கு சிரிக்கத் தெரியறதில்லை.

லைட்டைப் பத்தி எதிர்மேசை ஜோதியைக் கேட்டேன். "அதே லைட்டுதானேக்கா"ன்னா. அவளுக்கு எதுவும் கவனமிருக்காது.


ஆகஸ்ட் 21, வியாழன்

இன்னைக்கு போன் பண்ணிட்டேன்.

மௌனி சொல்லிக் குடுத்ததை மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். "ஒரு வாரம் ஆச்சு, ஒரு தடவை கேட்கறது தப்பில்லைம்மா. பேரைச் சொல்லு, என்னைக்குக் குடுத்தேன்னு சொல்லு, எப்ப முடிவு தெரியும்னு கேளு, நன்றி சொல்லு, வெச்சுரு." இவ்வளவுதான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கம்பெனி வாசல் வேப்ப மரத்தடிக்குப் போய் நின்னு பண்ணினேன். மேடம் எடுத்து "ஹலோ"ன்னாங்க.

என்ற வாய் தானாத் திறந்து, "சாப்டீங்களா மேடம்?"ன்னுச்சு.

"யாருங்க?"

"துளசிமணிங்க."

"எந்த துளசிமணி?"

"விண்ணப்பம் குடுத்தேனுங்களே."

"ஓ... சாப்பிட்டேன். என்ன விசயம் சொல்லுங்க?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். சாப்டீங்களான்னு கேட்கத்தானுங்க." வெச்சுட்டேன்.

மௌனிகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அழறாளோன்னு பயந்துட்டேன். சிரிச்சிருக்கா.


ஆகஸ்ட் 22, வெள்ளி

மேடம் சாப்பிட்டாங்கன்னாவது தெரிஞ்சுதேன்னு வீட்டுக்காரர் சொல்றார். அவருக்கு ரசத்துல உப்புப் போடலை. மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராமாத்தா அக்கா வழி சொல்லுச்சு. "கேட்டா எரிச்சலாவாங்க. கேட்காம விட்டா மறந்துருவாங்க. அதனால கேட்கவும் கூடாது, மறக்கவும் விடக்கூடாது"ன்னுச்சு. எப்படிக்கான்னேன். தினமும் காலையில வாட்சப்புல வணக்கம் படம் அனுப்பணுமாம். ரோசாப்பூ, சூரியன், பனித்துளி. அதுல எந்தத் தொந்தரவும் இல்லை. பார்த்ததும் "இது யாரு? ஓ, துளசிமணியா"ன்னு அவங்களுக்கே தோணுமாம். அக்காவோட மருமகன் சொசைட்டி லோனை இப்படித்தான் வாங்கினாராம்.

எனக்கும் சரின்னு பட்டுச்சு. கம்பெனி குரூப்புல தினம் விதவிதமா வரும். அதுல ஒண்ணை எடுத்து மேடத்துக்கு அனுப்பிட்டேன். ரெண்டு கோடு வந்துச்சான்னு பார்க்க போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். வீட்டுக்காரர், "கொடியில மாட்டிட்டு வாசல்ல இருந்து பாரேன்"னார். "உங்க மூஞ்சியையே தூரத்துல வெச்சுத்தான் பார்க்க முடியுது, போன் எம்மாத்திரம்?"னேன். வாயை மூடிக்கிட்டார்.

மௌனிகிட்ட இதைச் சொல்லலை. அவ படிச்ச பிள்ளை, வேண்டாம்பா.


ஆகஸ்ட் 25, திங்கள்

தாமரைப்பூ அனுப்பினேன். பதில் இல்லை.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

குருவி ரெண்டு. பதில் இல்லை.

தினேஷ் தனியாக் கூப்பிட்டான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசத்துல இருந்து கைமடிக்கு மாறிக்கறீங்களா?"ன்னான். கைமடின்னா டெய்லர் பக்கத்துல நின்னு தைச்ச துணியை வாங்கி மடிச்சு அடுக்கற வேலை. புதுசா வர்ற பிள்ளைங்க பண்றது. நான் இந்தக் கம்பெனிக்கு வந்த முதல் மாசம் பண்ணினது. "ஏன்டா தம்பி, எனக்கு வயசு குறைஞ்சு போச்சா?"ன்னேன். அவன் தரையைப் பார்த்தான். "மேல இருந்து கேட்கறாங்கக்கா"ன்னான்.

வீட்டுக்கு வர்றப்ப பஸ் நம்பர் தெரியாம ஒரு பஸ்ஸை விட்டுட்டேன். டிரைவர் ரொம்ப வேகமா ஓட்டறான்.


ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பண்ணினேன். பிள்ளையார் படம் அனுப்பினேன். பிள்ளையாருக்காவது பதில் போடுவாங்கன்னு பார்த்தேன். இல்லை.

கோயில்ல நின்னு என்ன வேண்டினேன்னு ராமாத்தா அக்கா கேட்டுச்சு. உனக்கு வாய் குறையணும்னு வேண்டினேன்க்கான்னு சொன்னேன். வேண்டினது வேற. எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு. கடைசி வருசங்கள்ல அம்மா என்னை வளையல் சத்தத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கும். நான் வேணும்னே வளையலைக் கழட்டிட்டு பூனை மாதிரி போய் முன்னாடி நிப்பேன். "துளசி, எங்க உன்ற வளையல்?"னு கேட்கும். வாசத்துல தெரிஞ்சிருமாம். அதுக்கு அப்ப என்ற இப்போதைய வயசுதான் இருக்கும்.

இதை எதுக்கு எழுதறேன்னு தெரியலை. கொழுக்கட்டை நல்லா வந்துச்சு.


ஆகஸ்ட் 28, வியாழன்

சூரியன் அனுப்பினேன். நீலக் கோடு விழுந்திருக்குன்னு ராமாத்தா அக்கா பார்த்துச் சொல்லுச்சு. அப்ப மேடம் பார்த்திருக்காங்க. பார்த்துட்டுச் சொல்றோம்னாங்க, பார்த்துட்டாங்க, சொல்லலை.

விடுதி வழியா நடந்து போனேன். வெள்ளையடிச்சுட்டாங்க. கேட்டுக்குப் பச்சைப் பெயிண்டு. நாலாம் தேதி பால் காய்ச்சறாங்களாம், பெயிண்டர் சொன்னான். அதுக்குள்ள ஆள் எடுத்திருவாங்கதானே? கேட்கலாம்னு உள்ளே ஒரு கால் வெச்சேன். வெறுங்கையோட போறதான்னு திரும்பிட்டேன். வாழைப்பழம் வாங்கிட்டுப் போலாமான்னு யோசிச்சேன். வேலைக்கு லஞ்சம்னு நினைச்சுட்டாங்கன்னா? பழம் வாங்கிட்டு வீட்டுக்கு வந்து நானே தின்னுட்டேன்.


ஆகஸ்ட் 29, வெள்ளி

பதில் வந்துருச்சு!

இன்னைக்குக் கம்பெனி குரூப்புல வந்ததுலயே ரொம்ப லட்சணமான படத்தை அனுப்பினேன். சுத்தியும் மல்லிகை மாலை, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவுல ஒரு பெரியவர். நெத்தி நிறைய விபூதி, சாந்தமான முகம், தலைக்குப் பின்னாடி வெளிச்சம். யாரோ சாமியார் போலிருக்கு. கீழே நாலு வரி பொடி எழுத்து. நல்ல வாக்காத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமைக்குப் பொருத்தமா இருக்குன்னு அனுப்பினேன்.

அனுப்பின கொஞ்ச நேரத்துல மேடம் பதில். கும்பிடற கை ஒண்ணு, மஞ்சள் மூஞ்சி ஒண்ணு. மூஞ்சி சிரிக்குதுன்னு நினைக்கிறேன். இத்தனை ரோசாப்பூவுக்கு மசியாதவங்க சாமியாருக்கு மசிஞ்சுட்டாங்க. பக்தி உள்ளவங்க. பதிலுக்கு நானும் சிரிக்கிற மூஞ்சி நாலு அனுப்பினேன்.


ஆகஸ்ட் 30, சனி

அதே பெரியவர் படம் வேற ஏதாவது இருக்கான்னு குரூப்புல தேடினேன். இல்லை. மயில் அனுப்பினேன். பதில் இல்லை. மயில் பிடிக்கலை போல.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

எழுதவே கை வரலை. ஆனா இதை எழுதாம வேற எதை எழுதறது?

கோழிக் குழம்புக்கு வெங்காயம் உரிச்சுட்டிருந்தேன். சின்ன வெங்காயம், கண்ணு ரெண்டும் அருவி. வீட்டுக்காரர் கறி வாங்கப் போயிருந்தார். கேட்டுச் சத்தம் கேட்டுது. நிமிர்ந்தா யாரோ ஒரு அம்மா செருப்பைக் கழட்டிட்டு வர்றாங்க. கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அமுதவல்லி மேடம்!

"வாங்க வாங்க மேடம்!"னு எந்திரிச்சேன். அவங்க பதிலே சொல்லலை. தலையை மட்டும் ஆட்டிட்டு, நாற்காலி நுனியில உட்கார்ந்து, என்ற கையைப் பிடிச்சாங்க. கை நிறைய வெங்காயத் தோலு. தண்ணி குடிங்கன்னேன், வேண்டாம்னு கையசைச்சாங்க. வேலை இல்லைன்னு சொல்ல இவ்வளவு தூரம் யாராவது வருவாங்களா?

"எப்பத்துல இருந்து முடியலை?"ன்னாங்க.

விண்ணப்பத்துல இப்ப வேலை பார்க்கற இடம்னு கம்பெனி பேரைப் போட்டிருந்தோம். மேடம் அங்கே விசாரிச்சிருக்காங்க, தினேஷ் ஓட்டை பனியனைப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டான்னு நினைச்சேன். இனி எதை மறைக்கறது?

"ஆறு மாசம் இருக்குமுங்க மேடம்"னேன்.

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"இல்லீங்க. யாருக்கும் சொல்லலை. வீட்டுக்காரருக்கே தெரியாது."

"அவருக்கே தெரியாதா?" மேடம் கையை விட்டுட்டாங்க.

"பயமுங்க மேடம். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. டாக்டர்கிட்டப் போனா, இனி ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு சொல்லிருவாங்களோன்னு..."

"அதுக்காக அப்படியேவா விடறது?"

"காலையில நல்லாத்தானுங்க இருக்கு. பொழுது சாயறப்பத்தான் மங்கிப் போகுது."

"சாப்பாடெல்லாம் இறங்குச்சா?"

"அதுக்கென்ன குறைங்க மேடம், நேத்துக்கூட நாலு பரோட்டா."

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. மெதுவா, "கடைசியா ஏதாவது பேசினாரா?"ன்னாங்க.

"யாருங்க?"

"உங்க மாமனார்."

"என்ற மாமனார் நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாருங்களே!"

மேடம் போனை எடுத்து நீட்டினாங்க. அந்தச் சாமியார். நான் போனைத் தள்ளிப் பிடிச்சேன். அவங்களே வாங்கி, கீழே இருந்த பொடி எழுத்தைப் படிச்சுக் காட்டினாங்க. கண்ணீர் அஞ்சலி. அவர் பேரு நாச்சிமுத்து, எங்க கம்பெனியில முந்தி துணி பின்னற நிட்டிங்ல மேஸ்திரியா இருந்தவராம். பதினாறாம் நாள் காரியம் இந்தத் தேதி, இன்ன இடத்துல, வருந்தும் குடும்பத்தார்.

சாவு வீட்டுல வாங்கன்னு கூப்பிடக் கூடாது. வர்றவங்களும் ஒண்ணும் பேசாமத்தான் உள்ளே வரணும். நான் அனுப்பினதால எங்க வீட்டுச் சாவுன்னு நினைச்சு, மேடம் முறையாத்தான் வந்திருக்காங்க. நான்தான் வெங்காயத்தோட வரவேற்பு குடுத்திருக்கேன். மஞ்சள் மூஞ்சி அழுதிருக்கு. அதுக்கு நான் சிரிக்கிற மூஞ்சி நாலு, மறுநாள் மயில்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சேன். நிறுத்த முடியலை. யாரும் கூடச் சிரிக்கலை. நிமிர்ந்து பார்த்தா வாசல்ல வீட்டுக்காரர் கறிப் பையோட நிக்கறார். எப்ப இருந்து நிக்கறார்னு தெரியலை. ஈரல் தனியாக் கேட்டு வாங்கினா வர்றப்பவே சத்தம் போட்டுச் சொல்றவர், ஒண்ணும் சொல்லாம பையை அடுப்பு மேடையில வெச்சுட்டு வெளியே போய் நின்னுட்டார்.

முடியலைன்னு சொன்னது என்ற கண்ணைன்னு மேடத்துகிட்டச் சொன்னேன். அப்புறம், "துளசிமணி, நான் உள்ளதைச் சொல்றேன்"னாங்க. "இன்னொரு பொண்ணும் கேட்டிருக்கு. உங்களுக்குத் தீட்டுன்னா நாலாம் தேதி பால் காய்ச்ச வர முடியாதே, அதுக்கே குடுத்துரலாம்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி துக்கம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். தீட்டு இல்லைன்னு ஆச்சு. ஆனா கண்ணு? பிள்ளைங்களுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கணும். பேரைப் படிக்க முடியாம மாத்திக் குடுத்துட்டா?"

நான் வெங்காயத்தை இழுத்து மூடி வெச்சேன்.

"முதல்ல டாக்டரைப் பாருங்க. என்ன சொன்னாலும் சரி, உள்ளபடியே எனக்குச் சொல்லணும். வேலை விசயம் அப்புறம்." எந்திரிச்சு, செருப்பை மாட்டி, நேரா கேட்டுக்குப் போயிட்டாங்க. துக்க வீட்டுல இருந்து போறப்ப வர்றேன்னு சொல்லக் கூடாதில்லை, அந்தப் பழக்கத்துலயே போயிட்டாங்க. நான் அங்கேயே நின்னேன். அவங்க பாதித் தெரு போயிட்டு நின்னு, திரும்பி, கேட்டு வரைக்கும் வந்தாங்க.

"வர்றேனுங்க"ன்னாங்க.

"வாங்க மேடம்"னேன். அப்பத்தான் எனக்கு அழுகை வந்துச்சு. வெங்காயத்தை அதுக்கு முன்னாடியே மூடி வெச்சுட்டேன்.

மத்தியானம் சாப்பிடறப்ப வீட்டுக்காரர் என் தட்டை இழுத்து வெச்சுக்கிட்டு, கறியில இருந்த எலும்பையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டு, திருப்பித் தள்ளினார். "எலும்பு இல்லாத கறிக்கு என்ன ருசி?"ன்னு கேட்டேன். "தின்னு"ன்னார்.


செப்டம்பர் 1, திங்கள்

லீவு சொன்னேன். தினேஷ் எதுக்குன்னு கேட்டான். கண்ணைக் காட்டன்னேன். பெருமூச்சு விட்டான். "போயிட்டு வாங்கக்கா, இதைத்தான் நானே சொல்லணும்னு இருந்தேன்"னான். சிரிக்கக்கூடச் செஞ்சான். நல்ல பல்லு அவனுக்கு. இத்தனை நாள் மறைச்சு வெச்சிருந்திருக்கான்.

மௌனிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இந்தத் தடவை அவ சிரிக்கலை. "ஆறு மாசமாம்மா?"ன்னா. "நர்சிங் படிக்கற என்கிட்டயே?"ன்னா. போனை வெச்சுட்டா. அப்புறம் அவளே கூப்பிட்டு, நாளைக்கு என்னென்ன கேட்கணும்னு அவங்கப்பாகிட்ட சொல்லிக் குடுத்தா.


செப்டம்பர் 2, செவ்வாய்

கண்ணாஸ்பத்திரி. சுவத்துல எழுத்து, ஒரு கண்ணை மூடிட்டுப் படிக்கச் சொன்னாங்க. மேல் வரி தெரிஞ்சுது. அடுத்த வரியை உத்தேசமாச் சொன்னேன். அந்தப் பொண்ணு, "உத்தேசம் வேண்டாம்மா, தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க"ன்னா. தெரிஞ்சதை மட்டும் சொன்னேன். சீக்கிரம் முடிஞ்சிருச்சு.

சொட்டு மருந்து விட்டு உட்கார வெச்சாங்க. எல்லாம் பனி மூட்டம். வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரான்னு பார்க்க முடியலை. "இருக்கீங்களா?"ன்னேன். "இருக்கேன்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேட்டேன். "வளையல் வாங்கிப் போட்டுக்கட்டுமா?"ன்னார். நான் அம்மா கதையை எப்பவோ அவருக்குச் சொல்லியிருக்கேன் போல.

டாக்டர் அம்மா பொறுமையாச் சொன்னாங்க. ரெண்டு கண்ணுலயும் புரை. அது ஆபரேசன்ல போயிரும், தை மாசம் வெச்சுக்கலாம். இடது கண்ணுல அழுத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. அம்மாவுக்கு வந்தது அதாத்தான் இருந்திருக்கும். "அவங்க வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா?"ன்னு கேட்டேன். "அதைச் சொல்ல முடியாது. நீங்க வந்துட்டீங்க, அது நல்லது"ன்னாங்க. தினமும் சொட்டு மருந்து, விடவே கூடாது. இப்போதைக்கு ஒரு கண்ணாடி. போட்டுப் பார்த்து மாத்திரை அட்டையைக் குடுத்தாங்க. பேரைப் படிச்சேன். எழுத்துக்கூட்டித்தான், ஆனா படிச்சுட்டேன்.

கண்ணாடி போட்டுட்டு வீட்டுக்காரரைப் பார்த்தேன். "என்ன?"ன்னார். "ஒண்ணுமில்லை, நிறைய நரைச்சுருச்சு உங்களுக்கு"ன்னேன். "உனக்கும்தான்"னார்.

மேடத்துக்கு போன் பண்ணி எதையும் விடாம சொன்னேன். இடது கண்ணையும் சொன்னேன். "அப்படீங்களா"ன்னாங்க. "சரி துளசிமணி. டிரஸ்ட்டுல கேட்டுட்டு, பார்த்துட்டுச் சொல்றேன்"னாங்க.

மறுபடியுமா!


செப்டம்பர் 3, புதன்

காலையில படம் எதுவும் அனுப்பலை. கை துறுதுறுன்னுச்சு. ஒரு கிளிப் படம் ரொம்ப நல்லா இருந்துச்சு. கண்ணாடி போட்டுப் பார்த்தா அதுலயும் கீழே "வளைகாப்பு அழைப்பிதழ்"னு இருந்துச்சு. இந்த குரூப்பை நம்பவே கூடாது.

நாளைக்குப் பால் காய்ச்சறாங்க. மத்தியானம் வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. சோறு இறங்கலை. வேப்ப மரத்தடிக்குப் போனேன். பேசினா சாப்டீங்களான்னு வந்துரும்னு, நானே டைப் பண்ணினேன். பெரிய எழுத்து வெச்சுக்க மௌனி போன்லயே வழி சொல்லிக் குடுத்திருக்கா. அவகிட்டக் காட்டாம, ராமாத்தா அக்காகிட்டக் கேட்காம, இப்படி எழுதினேன்:

"வணக்கம் மேடம். துளசிமணி. விடுதி வேலைக்கு விண்ணப்பம் குடுத்திருக்கேன். எனக்கு அந்த வேலை வேணும். எனக்குக் குடுக்கறதா இல்லையான்னு இன்னைக்குச் சொன்னா நல்லது. இல்லைன்னாலும் சொல்லிருங்க, வருத்தப்பட மாட்டேன். நன்றி."

படிச்சுப் பார்த்தேன். வருத்தப்பட மாட்டேன்கறது பொய். அதை மட்டும் அழிச்சுட்டு அனுப்பினேன்.

நீலக் கோடு விழுந்துச்சு. இந்தத் தடவை நானே பார்த்தேன். அப்புறம் ஒண்ணுமில்லை. கம்பெனிக்குள்ள போனேன். தினேஷ் என்னைக் கைமடி பக்கம் கையைக் காட்டினான். போய் நின்னேன். பக்கத்துல இருக்கற டெய்லர் பையனுக்கு மௌனி வயசு. "ஆன்ட்டி, வேகமா மடிங்க"ன்னான். "நீ நேராத் தை, நான் வேகமா மடிக்கறேன்"னேன். சொல்லிட்டேனே தவிர, அடிக்கடி இடுப்புல இருக்கற போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன்.

பொழுது சாயறப்ப போன் அடிச்சுது. மேடம்.

"துளசிமணி, இப்படி நேரா ஒரு வார்த்தை முதல்லயே கேட்டிருக்கலாமில்லை? நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னே எனக்குத் தெரியலை. ரோசாப்பூ வருது, குருவி வருது, ஒண்ணும் புரியலை"ன்னாங்க.

"தொந்தரவா இருக்குமோன்னுதானுங்க..."

"குருவிதாங்க தொந்தரவு. டிரஸ்ட்டுல சரின்னுட்டாங்க. காலையில விடியறதுக்கு முன்னாடி வந்துருங்க. பால் காய்ச்சறப்ப நீங்க இருக்கணும். கண்ணாடியை மறந்துராதீங்க. சொட்டு மருந்தையும்."

"சாப்டீங்களா மேடம்?"ன்னுட்டேன்.

"இல்லை. இனிமேத்தான்"னாங்க. சிரிச்ச மாதிரி இருந்துச்சு.


செப்டம்பர் 4, வியாழன்

பால் காய்ச்சியாச்சு.

புதுப் பாத்திரம், மஞ்சள் கொத்துக் கட்டி, கிழக்குப் பக்கம் பார்த்து அடுப்பு. டிரஸ்ட்டுல இருந்து பெரியவங்க நாலஞ்சு பேர் வந்திருந்தாங்க. தங்கப் போற பிள்ளைங்களும் கொஞ்சம் பேர் பெட்டியோட வந்துட்டாங்க. ஒரு பிள்ளை அவங்கம்மா கையை விடவே இல்லை. "உங்கம்மா போனதும் என்னைப் பிடிச்சுக்கோ கண்ணு, என்ற கை இதைவிடக் குண்டு"ன்னேன். கொஞ்சம் சிரிச்சுது. மேடம் கரண்டியை என்ற கையில குடுத்து, பொங்கறதைப் பார்த்துச் சொல்லுங்கன்னாங்க.

பாலைப் பார்க்க நல்லாக் குனிஞ்சேன். ஆவி அடிச்சுக் கண்ணாடி வெள்ளையாயிருச்சு. புதுக் கண்ணாடி, இன்னும் காதுல சரியா நிக்கறதில்லை. பாலுக்குள்ள விழுந்துருச்சு. அதே நேரத்துல பால் பொங்கிருச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அப்புறம் சர்க்கரை கலக்கற மாதிரி கரண்டியை விட்டுக் கண்ணாடியை எடுத்து, முந்தானையில துடைச்சுப் போட்டுக்கிட்டேன். பாலை டம்ளர்ல ஊத்தி எல்லாருக்கும் குடுத்தோம். நல்ல பால்னாங்க. மேடம் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. கண்ணாடி இன்னும் கொஞ்சம் பிசுபிசுங்குது.